மோர்ப் பாலம்

பாலத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தனக்கொடி கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தாழந்திட்டில் எல்லாரும்தான் ஓடினார்கள், ஆனால் முதலில் போய்ச் சேர்ந்தது அவள். அந்தப் பாலத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி மனு கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

நோணாங்குப்பத்துப் படகுத்துறையைத் தாண்டி, உப்பங்கழியின் ஒரு கிளைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது தாழந்திட்டு. கடலூர் ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பலகைப் பாலத்தின் மேல்தான் நடக்க வேண்டும். இல்லையென்றால் சேற்றைச் சுற்றிக்கொண்டு அரியாங்குப்பம் வழியாக வெகுதூரம். பாலத்தின் சிமெண்டுக் கால்கள் இன்னும் நன்றாகத்தான் நின்றன. மேலே போட்டிருந்த பலகைகள் உளுத்துப்போய் இடையிடையே தண்ணீர் தெரிந்தது. ஒரு பக்கத்துக் கைப்பிடியை ஏதோ ஒரு புயல் கொண்டுபோயிருந்தது. தனக்கொடி அதன் மேல் நடந்து டவுனுக்குப் போய், ஒரு ரொட்டிக் கடையில் நாளெல்லாம் ரொட்டி அடுக்கிவிட்டு, அதன் மேலேயே நடந்து திரும்புவாள். மகள் சுடர்விழி அதில் நடந்துதான் கோரிமேட்டுப் பக்கம் நர்சிங் படிக்கப் போனாள். புருஷன் கோவிந்தராசு போன மழைக்காலத்தில் அதிலிருந்துதான் விழுந்தான். கால் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கிடந்து எழுந்தான்.

வந்தவர்களில் பெரியவர்போல இருந்தவர் லினன் சட்டையும் வைக்கோல் தொப்பியும் போட்டிருந்தார். பெயர் செம்மல். பாலத்தின் முதல் ஓட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கற்பூர ஆரத்தியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

“அருமை” என்றார்.

“சார், அது ஓட்டை” என்றாள் தனக்கொடி.

“தெரியுதும்மா. தானா விழுந்ததா, யாராவது பண்ணதா?”

“தானாத்தான் சார். உளுத்துப்போயி விழுந்துது.”

செம்மல் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? தானா! மெக்சிகோவுல ஒரு தீவு முழுக்கப் பழைய பொம்மையக் கட்டித் தொங்கவிட்டிருக்கான். எல்லாம் ஒரு ஆள் கையால செஞ்சது. இங்க பாரு, யாரும் எதுவும் செய்யாமலே வந்திருக்குது.”

மெக்சிகோ எதற்கு என்று தனக்கொடிக்கு விளங்கவில்லை. ஓட்டைகளுக்கு டேப் வைத்து அளவு எடுத்தது விளங்கியது. பலகை அறுக்கத்தான் அளவு எடுக்கிறார்கள் என்று எண்ணி, பக்கத்து வீட்டு ஸ்டெல்லாமேரியிடம் நல்ல நாற்காலிகளை வாங்கிப் போட்டு, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

“இதுல யாராவது விழுந்திருக்காங்களா?” என்று செம்மல் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஓர் ஏக்கம் இருந்தது.

கோவிந்தராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டினான். செம்மல் அதை விரலால் தடவிப் பார்த்தார். “எப்படி விழுந்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார்.

கோவிந்தராசின் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் சொன்னதை எந்த அதிகாரியும் உட்கார்ந்து கேட்டதில்லை. கோவிந்தராசு பெயிண்ட் அடித்தான், மூட்டை தூக்கினான், கல்யாண வீடுகளில் பந்தல் போட்டான். எல்லா இடத்திலும் அவன் கேட்டுக்கொள்கிற ஆளாகத்தான் இருந்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் சொல்ல, ஒரு லினன் சட்டைக்காரர் வாயைப் பிளந்து கேட்டார். சொல்லி முடித்தபோது கோவிந்தராசின் கண்கள் பளபளத்தன. தனக்கொடியும் சந்தோஷப்பட்டாள். பாலம் வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அடுத்த மாதம் அவளுக்கு அழைப்பு வந்தது. டவுனில், கடற்கரைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சுவர்க் கட்டடத்தில் விழா. நடத்துவது பயங்கரத் தலங்கள் மேம்பாட்டு ஆணையம். பெயரைப் படித்துவிட்டு, பயங்கரமான இடங்களைச் சரிசெய்து மேம்படுத்துகிற ஆணையம் போலிருக்கிறது என்று தனக்கொடி எடுத்துக்கொண்டாள். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு புருஷனோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

செம்மல் அந்த ஆணையத்தின் இயக்குநர். மைக்கைப் பிடித்து இப்படிப் பேசினார்:

“நண்பர்களே! பாரிஸ் நகரத்துக்கு அடியில் லட்சக்கணக்கான மனிதர்களின் எலும்பை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. துர்க்மெனிஸ்தான் பாலைவனத்தில் ஒரு பள்ளம் வருஷக்கணக்காக எரிகிறது. நம் ஊராக இருந்தால் அணைக்கச் சொல்லி மனு கொடுத்திருப்பார்கள்! பிரேசிலில் ஒரு தீவு முழுக்கப் பாம்பு. இந்த இடங்களையெல்லாம் நானும் என் குடும்பத்தினரும் அரசு செலவில் நேரில் சென்று, மிகுந்த சிரமத்துக்கிடையே பயந்து வந்திருக்கிறோம். பாம்புத் தீவுக்குள் மட்டும் அனுமதி இல்லை என்றார்கள். கரையில் நின்றே பயந்தோம்.

பிரெஞ்சுக்காரன் நமக்கு என்ன விட்டுப்போனான்? நேரான தெரு. மஞ்சள் சுவர். காகிதப்பூ. ஓர் ஆபத்து உண்டா? அவன் முன்னூறு ஆண்டில் செய்யத் தவறியதை நம் துறைகள் குறுகிய காலத்தில் செய்து காட்டியிருக்கின்றன. அதுவும் எப்படி? சும்மா இருந்து! ஒரு துறை இல்லை, எல்லாத் துறைகளும் கைகோத்துச் சும்மா இருந்ததால்தான் தாழந்திட்டுப் பாலம் இன்று உலகப் பயங்கரத் தலங்களின் வரிசையில் இரண்டாம் தரத்தில் இடம் பிடித்திருக்கிறது.”

எல்லாரும் கை தட்டியதால் தனக்கொடியும் தட்டினாள்.

“‘எந்த நேரம் உசுரு போகுமோ என்று அஞ்சி அஞ்சித்தான் காலை வைக்கிறோம் ஐயா.’ எப்படிப்பட்ட வரி! வெளிநாட்டு விளம்பர நிறுவனத்தால் இப்படி ஒரு வரி எழுத முடியுமா? இதை எழுதியவர் நம்மிடையே இருக்கிறார். அவர் அனுப்பிய மனுக்கள் அனைத்தையும் நடவடிக்கை எதுவும் எடுக்காமல் பத்திரமாகப் பாதுகாத்து, இன்று விளம்பரப் புத்தகமாக வெளியிடுகிறோம். இனி அந்தப் பாலத்தில் ஓர் ஆணியைக்கூட யாரும் தொட முடியாது. சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறோம்!”

தனக்கொடியை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். போட்டோவில் அவள் வாய் திறந்திருக்கிறது. “சார், பலகை?” என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது.

பாலத்தின் முனையில் பெரிய பலகை ஒன்று புதிதாக நட்டார்கள். நல்ல தேக்குப் பலகை. அதில் பெரிய எழுத்தில் ‘போன் த லா மோர்’ என்று எழுதியிருந்தது. திட்டுக்காரர்கள் கூடி நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். மோர் விற்கப் போகிறார்கள் என்று முடிவாயிற்று.

ஸ்டெல்லாமேரி மட்டும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். “அடிப் பாவி, மோர்னா குடிக்கிற மோர் இல்லடி. பிரெஞ்சுல மோர்னா சாவு. சாவுப் பாலம்னு எழுதி வெச்சிருக்கானுவோ” என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் மண்ணாங்கட்டி என்பவன் பானையோடு வந்து மோர்க்கடை போட்டுவிட்டான். வருகிறவர்களும் மோர்ப் பாலம் எது என்றுதான் கேட்டு வந்தார்கள். ஆணையத்தார் கடையைப் பார்வையிட்டு, மோர் சுத்தமாக இருப்பது சூழலுக்குப் பொருந்தவில்லை என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

கோவிந்தராசுக்கு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் ‘பிழைத்தவர்’. கிழிந்த சட்டை ஒன்று சீருடையாகக் கொடுத்தார்கள். பாலத்தருகே நின்று, வருகிறவர்களுக்குத் தான் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். கால் ஆறிப்போனதால் நொண்டச் சொன்னார்கள். நொண்டினான். கூட்டம் அதிகமாக இருந்தால் உற்சாகத்தில் எந்தக் கால் என்பது மறந்து அடுத்த காலை நொண்டுவான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், “இன்னிக்கு ஒரு மார்வாடி அம்மா அழுவுது தனம், என் கதையக் கேட்டு” என்று சொல்லுவான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூடத் தனக்கொடி பார்த்ததில்லை. அதனால் அவள் அவனை எதுவும் சொல்லவில்லை. பாலத்துக்காகத் தனியாகவே மறுபடி மனு எழுத ஆரம்பித்தாள். ஆணையத்திலிருந்து, எழுத்து நடை முன்பைவிட மெருகேறியிருக்கிறது என்று பாராட்டுக் கடிதம் வந்தது.

பிறகு தரம் பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். ஓட்டைகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். கடைசியில், இதுவரை எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். செம்மலுக்கு வியர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே திட்டு ஜனத்தைக் கூட்டினார்.

“இத்தனை வருஷமா இத்தனை பேர் இந்தப் பாலத்துல நடந்திருக்கீங்க. ஒருத்தர் சாகல. ஒரே ஒருத்தர்! இதுக்கு யார் பொறுப்பு?”

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நாங்க பாத்துப் பாத்து நடந்தோம் முசியே” என்று அப்பாவிடம் கற்ற பிரெஞ்சு மரியாதையில் சொன்னாள் ஸ்டெல்லாமேரி.

“அந்தச் சுயநலந்தாம்மா நம்மள ரெண்டாம் தரத்துல வெச்சிருக்குது. அரசாங்கம் ஒரு பாலத்த இவ்வளவு தூரம் கெட விட்டிருக்குது. பொதுமக்கள் ஒத்துழைப்பு வேணாமா?”

தனக்கொடி அந்தக் கூட்டத்தில் இல்லை. கடையில் பண்டிகை வேலை, திரும்ப நேரமாகிவிட்டது. சில நாள் கழித்து அவள் வேலை முடிந்து வரும்போது பாலத்து முனையில் சனம் கூடி நின்றது. புதிதாக ஒரு கருங்கல். கல்லுக்கு மாலை. கல்லில் அவள் புருஷனின் படம். ‘இவ்விடத்தில் விழுந்து மாண்ட கோவிந்தராசு நினைவாக’ என்று செதுக்கியிருந்தது.

கையிலிருந்த ரொட்டிப் பை விழுந்தது. பாலத்தின் எந்தப் பலகையில் கால் வைத்தாள், எதைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். கோவிந்தராசு தரையில் உட்கார்ந்து வறுத்த காரப்பொடி மீனைத் தின்றுகொண்டிருந்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “யோவ், உன்ன செத்துட்டதா கல்லுல வெட்டி வெச்சிருக்கானுங்க.”

“பாத்துட்டியா? போட்டோ நல்லா வந்திருக்குது இல்ல?”

“இன்னாய்யா சொல்ற?”

“செம்மல் சார் ஊருக்காக ஒரு சாவு வேணும்னாரு. எல்லாரும் பெத்த புள்ளயக் கேட்ட மாதிரி முழிச்சானுங்க. நாந்தான் கையத் தூக்கினேன். விழுந்தவன் நாந்தான, இன்னும் கொஞ்சம் சேத்துச் சொல்றதுதான.”

“என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“நான் சாவறதுக்கு உன்ன எதுக்குக் கேக்கணும்?”

“நீ செத்தா நான் யாருய்யா?”

கோவிந்தராசு இதை யோசித்திருக்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். “அதுக்கும் ஏற்பாடு இருக்குதாம் தனம். சாயங்காலத்துல நீ கல்லாண்ட வந்து கொஞ்சம் அழுவணும். வெள்ளப் புடவ அவங்களே தராங்க.”

அவள் புடவையை வாங்கவில்லை. கோவிந்தராசு பதவி உயர்வை வாங்கிக்கொண்டான். இப்போது அவன் ஆவி. இருட்டத் தொடங்கும் வேளையில் முகத்தில் மாவு பூசிக்கொண்டு, பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நின்று முனக வேண்டும். பாலத்துக்கு முதல் தரம் கிடைத்தது. செம்மல் இனிப்பு கொடுத்தார்.

அப்படி ஒரு சாயங்காலம் சுடர்விழி வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தாள். பாலம் முழுக்க வெளியூர்க்காரர்கள் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தவள் வழக்கமான பலகையை விட்டு அடுத்த பலகையில் கால் வைத்தாள். பலகை முறிந்து, இடது கால் தொடை வரைக்கும் உள்ளே போனது. செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது. கீழே, அந்தக் காலுக்கு நேர் அடியில், அவளுடைய அப்பா நின்றான்.

“ப்பா! காலப் பிடிச்சுத் தள்ளுப்பா!” என்று அவள் கத்தினாள்.

கோவிந்தராசு கையைத் தூக்கினான். தூக்கிய கையை நோக்கி மேலிருந்து பத்துப் போன்கள் குனிந்தன. அவன் கை பாதியிலேயே நின்றது. மகளின் காலிலிருந்து ரத்தம் அவன் மாவு பூசிய நெற்றியில் சொட்டியது. அவன் அண்ணாந்து பார்த்து, “ஊஊ” என்று முனகினான்.

கூட்டம் சிலிர்த்துப்போய்க் கை தட்டியது. ஸ்டெல்லாமேரிதான் ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்துச் சுடர்விழியை இழுத்து வெளியே போட்டாள்.

வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கோவிந்தராசு வந்தான். அவனாகவே சொன்னான்: “செத்தவன் எப்படி தனம் தூக்க முடியும்? எல்லாரும் படம் எடுக்குறாங்க.”

தனக்கொடி அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஞ்சை நனைத்து மகளின் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஸ்டெல்லாமேரி பூசைக்குப் போய்த் திரும்பியதும் தன் வீட்டில் உடைந்து கிடந்த பழைய கட்டிலைப் பிரித்தாள். நல்ல மரம். அவளும் தனக்கொடியும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய், ஓட்டைகளின் மேல் வைத்து ஆணி அடித்தார்கள். சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லாததால் தனக்கொடியின் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. மத்தியானத்துக்குள் பாலத்தில் கடைசிவரை நடக்க முடிந்தது. திட்டுப் பிள்ளைகள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். பாலம் என்பது ஓடக்கூடிய ஒன்று என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆணையம் விசாரணைக்குக் கூப்பிட்டது. குற்றம்: பாதுகாக்கப்பட்ட ஆபத்தைச் சேதப்படுத்தியது.

“என் பொண்ணு கால் உள்ள போச்சு சார்” என்றாள் தனக்கொடி.

“அதுக்காக எல்லார் காலையும் வெளிய வெச்சிட்டீங்களே, அது நியாயமா?” என்று செம்மல் வருத்தத்தோடு கேட்டார். “சாட்சி யாராவது?”

கதவுக்குப் பின்னாலிருந்து கோவிந்தராசு வந்தான். ஆணையத்தின் சீருடையில் இருந்தான். தனக்கொடி அவனைப் பார்த்ததும், தனக்காகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை அவள் பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

“பாலம் இப்ப எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குது சார்.”

“உண்மையைச் சொல்லுங்க.”

“ரொம்ப நல்லா இருக்குது சார். ஆடக்கூட மாட்டேங்குது.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் சார். கேக்கல.”

அவன் எதையும் சொல்லிப் பார்த்ததில்லை. அவர்கள் பலகை அடித்த காலை முழுக்க அவன் கவிழ்ந்தடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

செம்மல் கண்ணை மூடித் திறந்தார். “இறந்துபோனவரே நேரில் வந்து சாட்சி சொல்லியிருப்பதால், இதில் மேற்கொண்டு சந்தேகத்துக்கு இடமில்லை” என்று எழுதச் சொன்னார்.

அன்றைக்கே ஆட்கள் கடப்பாரையோடு வந்து கட்டில் பலகைகளைப் பெயர்த்தார்கள். பழைய ஓட்டைகளின் அளவு சரியாகத் தெரியாமல் அவர்கள் தடுமாறியபோது கோவிந்தராசு கூட நின்று காட்டிக் கொடுத்தான். “இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அகலம் இருந்துதுங்க” என்று அவன் சொன்னதை, கரையில் நின்ற தனக்கொடி தன் காதால் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். சோறு வடித்து, குழம்பு வைத்தாள். அவன் துணிகளை மடித்து வாசலில் வைத்தாள். பக்கத்தில் ஒரு வாழையிலை போட்டு, சோறும் குழம்பும் பரிமாறி, சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

கோவிந்தராசு வந்து பார்த்து முதலில் சிரித்தான். “இன்னா தனம், இதெல்லாம் விளையாட்டா?” என்றான். கதவைத் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பேய் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது அல்லவா, அதனால் தாயும் மகளும் கேட்கவில்லை. அவன் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மோர்க்கடையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சேதி ஆணையத்துக்குப் போனது. செம்மல் நெகிழ்ந்துபோனார். “நாம யோசிக்காததை அந்தம்மா யோசிச்சிருக்குது” என்றார். மறுநாள் பொழுது சாயும்போது பாலத்தைப் பார்த்தவர்களை அப்படியே அழைத்து வந்து தனக்கொடி வீட்டுக்கு எதிரே கயிறு கட்டி நிறுத்தினார்கள். கோவிந்தராசு நடந்து வந்து கதவைத் தட்டி, “தனம்” என்று கூப்பிட வேண்டும். கதவு திறக்காது. அவ்வளவுதான். கூட்டம் அதை மிகவும் விரும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடும்படி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சில நாள் இப்படிப் போனது. பிறகு ஒரு சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. “தனம்” என்ற குரல் வந்தது. அடுப்படியில் இருந்த தனக்கொடி நிமிர்ந்தாள். அது சொல்லிக் கொடுத்த குரல் இல்லை. அதில் இழுப்பு இல்லை. கால் முறிந்து கிடந்த நாட்களில் தண்ணீர் கேட்பானே, அந்தக் குரல். சுடர்விழியும் அம்மாவைப் பார்த்தாள். வெளியே கூட்டம் கை தட்டியது.

“தனம், நனையுறேன் தனம். கதவத் தொற.”

தனக்கொடி எழுந்து போய்த் தாழ்ப்பாளின் மேல் கை வைத்தாள். கறுத்த நகம் இன்னும் வலித்தது.

“யோவ், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தொறந்தா, காலையில நீயே போயி அந்தப் பலகையத் திரும்ப அடிப்பியா?”

கோவிந்தராசு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“செம்மல் சார ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லவா?”

தனக்கொடி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். அடுப்படிக்குத் திரும்பி வந்து, மகளுக்கும் தனக்கும் சோறு போட்டாள். வெளியே கை தட்டல் வெகுநேரம் ஓயவில்லை.